கணக்குப் போட்ட எல்டிஎல், அளந்து பார்த்த எல்டிஎல்

1. கலங்கிய சீரம்

சென்ட்ரிபியூஜ் நின்றதும் மூடியைத் திறந்து டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் அடியில் இறங்கி உறைந்திருந்தது. மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம், தண்ணீர் கலந்த பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். வழியில் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்து, "வெறும் வயிறுதான் மேடம்" என்று சத்தியம் செய்கிறவர்களோடு காலம் முழுக்க மல்லுக்கட்டியவள் நான். திண்டிவனத்தில் ஒரு தனியார் லேபில் சீனியர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். ரத்தம் கொடுத்த ஜமீலா அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முகம் லேசாக வீங்கியிருந்தது. கணவர் துபாயில் சமையல் வேலை. திண்டிவனத்தில் கடை வைத்திருக்கும் தம்பிதான் அவரை அழைத்து வந்திருந்தார்.

"என்ன சாப்ட்டீங்கம்மா?" என்றேன், கொஞ்சம் காட்டமாகவே.

"நோன்பு சிஸ்டர். ரமலான்ல விட்டுப்போன நோன்ப இப்ப வெச்சிக்கினு இருக்கேன். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்ட்டது, அப்புறம் தண்ணி கூடத் தொடல."

அப்போது மதியம் மூன்று மணி. அதைவிட நல்ல ஃபாஸ்டிங் சாம்பிளை நான் எங்கே தேடுவது? டியூப்போடு உள்ளே போனேன். சாப்பிடாமலேயே சீரம் இப்படி இருக்கிறதென்றால் உடம்புக்குள் எதுவோ சரியில்லை என்று அர்த்தம். எரிச்சல் போய்க் கவலை வந்தது.

மிஷினில் ரிசல்ட் வந்தது. டோட்டல் கொலஸ்ட்ரால் முன்னூற்றுப் பத்து. சீரத்தைக் கலங்க வைக்கும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு எழுநூறைத் தாண்டிவிட்டது. ஆனால் எல்டிஎல், அதாவது எல்லோரும் பயப்படுகிற கெட்ட கொலஸ்ட்ரால், 118 என்று கம்ப்யூட்டர் காட்டியது. சில மாதங்களுக்கு முன் வேறு ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் அது இருநூறுக்கு மேல் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் விழுப்புரத்து டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருந்தார்.

கவுண்டரில் இருந்த மாலதி ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் வாயை விட்டுவிட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, பாதியா கொறஞ்சிட்டுதாம்! மாத்திரை நல்லா வேலை செய்யுது. நிறுத்தாத, அப்படியே போட்டுக்கினு இரு."

ஜமீலா அம்மா சிரிக்கவில்லை. இரண்டு தொடைகளையும் கையால் அழுத்திக்கொண்டே சொன்னார்: "கொறஞ்சா சரி. ஆனா அந்த மாத்திரை போட்டதுலருந்து இந்த வலி தாங்க முடியலடா."

"அண்ணன நெனச்சிக்கோ. வலி பெருசா, உசுரு பெருசா?"

அவர்களுடைய மூத்த அண்ணன் சவுதியில் மாரடைப்பில் இறந்தவர். முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அதனால் அந்தக் குடும்பத்தில் கொலஸ்ட்ரால் என்றாலே நடுக்கம். அந்த நடுக்கத்தில்தான் இந்த அம்மா வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

2. 118 எங்கிருந்து வந்தது

பல லேபுகளில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. டோட்டலிலிருந்து நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் எல்டிஎல். சாதாரண ஆளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். ட்ரைகிளிசரைடு நானூறுக்கு மேல் போனால் கணக்கு கவிழ்ந்துவிடும். கழிக்க வேண்டியதைவிட அதிகமாகக் கழித்துவிட்டு, எல்டிஎல் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லும். தைராய்டு சரியாகச் சுரக்காதவர்களுக்கு எல்டிஎல்லும் ஏறும், சிலருக்கு ட்ரைகிளிசரைடும் கூடவே ஏறும். யாருக்குச் சரியான அளவு அவசியமாகத் தேவையோ, அவர்களிடமே இந்தக் கணக்கு காலை வாரிவிடும்.

இப்படிப்பட்ட சாம்பிளுக்கு டைரக்ட் எல்டிஎல் போட வேண்டும் என்பது எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடம் வைத்த சட்டம். அதற்கு ரியேஜன்ட் என்கிற தனிச் சோதனைத் திரவம் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சாம்பிளை ஓட்டிப் பார்த்து, அது சரியாக வந்த பிறகுதான் சாம்பிளை வைக்க வேண்டும். நேரம் பிடிக்கும்.

"ஜல்தி குடுங்க மேடம். விழுப்புரத்துல சாயங்காலம் டாக்டரப் பாக்கணும், பஸ்ஸ விட்டா பேஜாராயிடும்" என்று தம்பி கவுண்டரில் நச்சரித்தார். லேப் மேனேஜர் என்னிடம் வந்தார்.

"வந்தத பிரிண்ட் போட்டுக் குடுத்துடும்மா. கீழ ஒரு நோட் போட்டுட்டாப் போச்சு."

"நோட்ட யாரு சார் படிக்கிறாங்க? நம்பரத்தான் படிப்பாங்க. இந்த நம்பரப் பாத்தா, மாத்திரை வேலை செய்யுது, வலிய பொறுத்துக்கோன்னுதான் வீட்ல சொல்லுவாங்க. சொல்லிட்டாங்க, காதுல விழல?"

மேனேஜர் நல்ல மனிதர். என் குரல் உயர்ந்தால் வாதாட மாட்டார். "சரி, சரி, ஓட்டு" என்று போய்விட்டார்.

டைரக்ட் எல்டிஎல் 190-ஐத் தாண்டி வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் ஓட்டினேன். அதேதான் வந்தது. மேடத்திடம் போனில் சொன்னேன். "நீங்களே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க, லேட் பண்ணாதீங்க" என்றார்.

விழுப்புரத்து டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ட்ரைகிளிசரைடு இவ்ளோ ஏறியிருக்கா? அப்ப தைராய்டு கன்ட்ரோல்ல இல்லன்னு தோணுது. தைராய்டு மாத்திரை சாப்பிடறேன்னுதானே சொன்னாங்க. எப்படிச் சாப்பிடறாங்கன்னு கேளுங்க. காலு எப்படி இருக்குன்னும் கேளுங்க."

நான் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தைராய்டு மாத்திரை எப்பம்மா போடுவீங்க? நோன்பு அன்னைக்கு எப்படி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காலைல எழுந்து வெறும் வயித்துல போடணும்னு சொன்னாங்க. நோன்புல விடிஞ்சப்புறம் எப்படி சிஸ்டர் போட முடியும்? ரமலான் முழுக்க விட்டுட்டேன். அப்புறம் பெருநாள் முடிஞ்சு வெக்கிற ஆறு நோன்பு வந்துச்சு. அப்புறம் விட்டுப்போனத வெக்க ஆரம்பிச்சேன். ஒருநாள் போட்டு ஒருநாள் போடாம இருந்தா குழம்பிடும்னு, எல்லாத்தையும் முடிச்சிட்டு ஒரேடியா ஆரம்பிக்கலாம்னு வெச்சிட்டேன்."

"டாக்டர் கேட்டப்ப சாப்பிடறேன்னு சொன்னீங்களே?"

"சாப்பிடறவதானே சிஸ்டர் நான்? நோன்புக்காகத்தானே நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அந்த மாத்திரை நின்றுபோனதாகவே இல்லை.

"காலு எப்படிம்மா இருக்கு?"

"தொழுகைல சஜ்தாவுக்குக் குனிஞ்சா எழுந்திருக்க முடியல. தரையில கைய ஊனி, செவுத்தப் புடிச்சிக்கினு எழுந்திருக்கேன். இப்ப நாற்காலி போட்டுக்கினு தொழுவுறேன். எங்கம்மா எழுவது வயசுல கூட நின்னு தொழுதாங்க." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் சொன்னேன். அதே ரத்தத்தில் டிஎஸ்ஹெச்சும் சிகேயும் பார்க்கச் சொன்னார். டிஎஸ்ஹெச் தைராய்டு நிலவரத்தைச் சொல்லும். இருக்க வேண்டிய அளவைத் தாண்டி அது மேலே எங்கோ நின்றது. சிகே என்பது தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுவது. அதுவும் பல மடங்கு ஏறியிருந்தது. தைராய்டு குறைந்த உடம்பில் கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசையைக் கெடுக்கும், முற்றினால் கிட்னி வரை போகும். டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்:

"அந்த மாத்திரைய இன்னைக்கி ராத்திரி போட வேணாம்னு சொல்லுங்க. எவ்ளோ நேரமானாலும் இங்க அனுப்புங்க, நான் இருக்கேன்."

தம்பியிடம் நானே சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்தார். "வலி பெருசான்னு கேட்டுட்டேனே" என்று முனகிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி ஆட்டோவில் ஏற்றினார்.

3. அந்த அம்மா கேட்ட கேள்வி

நோன்பையும் மாத்திரையையும் டாக்டர் சுலபமாகச் சேர்த்துவைத்துவிட்டார். சஹருக்கு எழுந்த உடனே தண்ணீரில் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. நோன்பில்லாத நாளிலும் விடியற்காலையில் அதே நேரம். ஆண்டு முழுக்க ஒரே பழக்கம் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

சில மாதம் கழித்து மறு டெஸ்டுக்கு வந்தபோது ஜமீலா அம்மாவின் முகவீக்கம் வடிந்திருந்தது. சீரம் தெளிவாக இருந்தது. டிஎஸ்ஹெச், சிகே இரண்டும் இறங்கியிருந்தன. இந்த முறை கணக்கில் வந்த எல்டிஎல்லும் டைரக்டாக அளந்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. நன்றாகக் குறைந்திருந்தாலும், அண்ணன் போன விதத்தை வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு அது போதவில்லை. சின்ன டோஸில் கொலஸ்ட்ரால் மாத்திரையை மறுபடி எழுதிவிட்டார்.

அந்த அம்மா விழுப்புரத்திலிருந்து திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி நேராக லேபுக்கு வந்தார். கையில் மாத்திரை அட்டை.

"மறுபடி அதே மாத்திரை சிஸ்டர். பயமா இருக்குது."

"அதப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா. டாக்டர் எல்லாத்தையும் பாத்துத்தான் குடுத்திருப்பாரு. வலி வந்தா உடனே அவருகிட்டச் சொல்லுங்க."

"மாத்திரையப் பத்தி உங்களக் கேக்கல. அண்ணன் மாதிரி போயிடுவேனோன்னும் பயம், போன தடவ மாதிரி எழுந்திருக்க முடியாமக் கெடப்பேனோன்னும் பயம். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கணக்கும் தெரியாது. அந்த நம்பரு நெசந்தானா? அத மட்டும் சொல்லுங்க. நெசம்னா போட்டுக்கறேன்."

"நெசந்தாம்மா. ரெண்டு விதமாவும் பாத்தேன்."

"அப்ப சரி" என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

பிள்ளைகளே, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், எப்போது, எப்படி என்று கேளுங்கள். சீரம் கலங்கியிருந்தால் கணக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். நாம் கொடுக்கும் நம்பரைச் சரிபார்க்க அந்த அம்மாவிடம் எந்த வழியும் கிடையாது. அன்றைக்கு அந்த 118-ஐ அச்சடித்துக் கொடுத்திருந்தால், அதையும் அவர் இப்படியேதான் நம்பியிருப்பார்.