அரங்கநாதன் மனுவில் வைத்த காயம்

அரங்கநாதன் எழுதிய மனுக்களில் காயம் இல்லாத மனு ஒன்றுகூடக் கிடையாது. திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை நிழலில் மடக்கு மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக மனு எழுதிவரும் அந்த மனிதர், வருகிறவர் எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் கேட்பது, "இதுல யாருக்கு இன்னா ஆச்சி?" என்றுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வந்தால், இருட்டில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு மூதாட்டி மனுவில் வந்து படுத்துக்கொள்வார். வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்றால், அதில் கால் மாட்டிக்கொண்ட கறவை மாடு ஒன்று கதறும். மூதாட்டியும் கிடையாது, மாடும் கிடையாது. "காயம் இல்லாத மனுவ எவன்யா படிப்பான்?" என்பது அவருடைய கொள்கை. இதைப் பொய் என்று கொச்சைப்படுத்தக் கூடாது. தொழில்நுட்பம் என்று சொல்ல வேண்டும்.

வயது ஐம்பத்தொன்று. ஊர், திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் நிலக்கடலை, மனைவி வேணி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் சங்கவி. ஊரார் முன்னால் அவரை மனுக்காரர் என்பார்கள். பின்னால் சொல்லும் பெயர் வாழ்க்கைக் குறிப்பில் எழுதத் தக்கதல்ல.

கொரோனா மூன்றாம் அலை கொஞ்சம் ஓய்ந்து, ஊர் அரசுப் பள்ளியைத் திறந்து இரண்டாவது வாரம். அடுத்த புதன்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. அந்த வருடம் அது சாதாரணத் திருப்புதல் தேர்வு இல்லை. இன்னொரு அலை வந்து பொதுத்தேர்வு ரத்தானால் இந்த மார்க்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு. எழுதாதவர்களுக்குச் சைபர் என்று பேச்சோடு பேச்சு. சங்கவிக்கு நர்சிங் படிக்க ஆசை. அந்தச் சீட்டு இந்த மார்க்கில் இருக்கிறது என்று அரங்கநாதனும் நம்பினார், வேணியும் நம்பினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அதே வகுப்பு ரோஜாவுக்குக் காய்ச்சல். செவ்வாயன்று மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். புதனன்று 'பாசிட்டிவ்' என்று வந்தது. ரோஜாவின் வீடு காலனியில். அம்மா சின்னபொண்ணு, கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவள். அரங்கநாதன் நிலத்து மல்லாட்டையும் அவள் கையால் பிடுங்கியதுதான். அந்த மல்லாட்டையில் எந்தக் கிருமியும் ஒட்டியதாக அவர் இதுவரை புகார் சொன்னதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தில் திரண்டார்கள். தலைமையாசிரியை அன்புச்செல்வி மேசையைக் கேடயம்போல முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ரோஜாவுக்குப் பரிசோதனை எடுத்த நாள்லேர்ந்து ஏழு நாள் தனிமை. அவகூட நெருங்கிப் பழகுனவங்களுக்கும் ஏழு நாள். அப்புறம் காய்ச்சல் இல்லன்னா வரலாம். எனக்கு வந்திருக்கிற உத்தரவு அதுதான்."

"ஏழு நாளுன்னு கிருமிக்குத் தெரியுமா?" என்று எழுந்தார் ரைஸ்மில் ஜெகதீசன். அவர் மகன் பிரவீன்குமாரும் அதே வகுப்பு. "பதினாலு நாளு நிறுத்துங்க. அந்தத் தெரு புள்ளைங்க மொத்தத்தையும் நிறுத்துங்க. எங்க புள்ளைங்க பரீட்ச எழுதணுமா வேணாமா?"

சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவில் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னபொண்ணு குரல் கொடுத்தாள். "எங்க தெருவுலேர்ந்து பதினோரு புள்ளைங்க வருது. ஒண்ணுக்குத்தான் ஜொரம். மீதி பத்துக்கும் இன்னா நோவு கண்டீங்க?"

"ந்தா, பொண்ணுக்கு வந்தா ஆத்தாளுக்கும் வந்திருக்கும். நீ ஏன் வெளிய வந்த? அந்தாண்ட போ!" என்று கத்தினார் ஜெகதீசன்.

"போறேன், போறேன். பாண்டிச்சேரி கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து உங்க புள்ள பத்து நாளா லொக்குலொக்குன்னு இருமிக்கினு கெடந்துச்சே, அதுக்கு எந்தக் குச்சிய உட்டீங்க?"

"அது சளி!"

ஜெகதீசன் வீட்டில் வந்தால் சளி, காலனியில் வந்தால் கொரோனா. உலகத்து மருத்துவர்கள் இன்றுவரை கண்டுபிடிக்காத இந்த வேறுபாட்டை, அங்கிருந்த நாற்பது பேரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். சின்னபொண்ணு வெளியே வந்தது விதிமீறல் என்பதில் சந்தேகமில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்களில் முகக்கவசம் மூக்குக்கு மேல் இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

மனு எழுதுவது என்று முடிவாயிற்று. அரங்கநாதன் அங்கேயே பேனாவைத் திறந்தார். பதினான்கு நாள், எக்காரணம் கொண்டும் தளர்வு கூடாது, கீழே அடிக்கோடு. எடுத்த நடவடிக்கையின் விவரத்தை அனைவரும் அறியப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இந்தக் கடைசி வரி அவர் எல்லா மனுவிலும் போடும் முத்திரை வரி. எல்லாம் ஆனது. காயம் மட்டும் பாக்கி.

"ரோஜாகூட சகவாசம் வச்சி ஆபத்துல மாட்டிக்கினு இருக்கிற புள்ள ஒண்ணு வேணும். யாரு பேரப் போடலாம்?"

நாற்பது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"ஜெகதீசன், பிரவீன் பேரு?"

"யோவ், எம் புள்ள பேரு ஆபீசுக்குப் போறதா? வேற ஆளப் பாரு."

பொதுநலத்துக்காகப் பெற்ற பிள்ளையைத் தரும் தியாகிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அரங்கநாதன் எழுதினார்: 'என் மகள் சங்கவி, மேற்படி மாணவியுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து, கடந்த திங்கட்கிழமை வரை ஒரே டிபன் பாக்ஸில் உணவருந்திய காரணத்தால், உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளாள் என்பதைக் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' காலனிப் பெண்ணோடு தம் மகள் சாப்பிடுவதா? நடக்கிற காரியமா? நடக்காததால்தான் அதைத் தைரியமாக எழுதினார். நாற்பத்துமூன்று கையெழுத்து விழுந்தது. மூன்று பேர் வீட்டில் இருந்தபடியே போட்டார்கள். அந்தக் கையெழுத்துகளை அவர்களைவிட அரங்கநாதன் நன்றாகப் போடுவார்.

வியாழனன்று பஸ் ஏறி விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். கொரோனாவை முன்னிட்டு மனுக்களைக் கையில் வாங்காமல் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். மடித்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். பதில் வர மாதக்கணக்கில் ஆவது அவர் தொழிலில் சகஜம். இதற்குச் சனிக்கிழமை காலையிலேயே வந்தது. சுகாதாரத் துறை ஊழியர்கள் இருவர், கையில் சிவப்பு ஸ்டிக்கரோடு, அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"சங்கவின்றது யாருங்க?"

"எம் பொண்ணு. இன்னா சமாச்சாரம்?"

"ரோஜான்ற பொண்ணோட ஒரே டிபன்ல சாப்பிட்டதா மனு வந்திருக்குதுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பதினாலு நாளு வெளிய வரக்கூடாது."

"ஏழு நாளுதான சட்டம்?"

"பொதுவா ஏழுதாங்க. இந்த ஊர்ல பெத்தவங்களே நாப்பத்திமூணு பேரு பதினாலு வேணும்னு கேட்டிருக்காங்க. தளர்வே குடுக்கக்கூடாதுன்னு அடிக்கோடு வேற."

"எவன் கேட்டது?"

ஊழியர் மேலிருந்து வந்த உத்தரவைப் புரட்டினார். "அரங்கநாதன்னு ஒருத்தருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரிந்தவர்தான். ஸ்டிக்கர் கதவில் ஏறியது.

வேணி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். தரையில் போடாமல் தம் முதுகில் போட்டிருக்கவும் கூடும் என்று அவர் பயப்படும் அளவுக்கு வேகமாகப் போட்டாள். "ஊருக்கெல்லாம் காயம் வச்சிக்கினு இருந்த. இப்ப வூட்டுக்கே வச்சிட்ட. புதங்கெழம பரீட்ச. அவ எழுதலைன்னா நீ இந்த வூட்ல சோறு திங்கமாட்ட."

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஜெகதீசன் வந்து நின்றார். வீட்டுப் பக்கம் வரவில்லை. "அரங்கநாதா! பொண்ண வெளிய உடாத, சொல்லிட்டேன். மனுவுல மொத கையெழுத்து என்னுது. பேச்சு மாறினா நல்லாருக்காது!"

அரங்கநாதன் தலைமையாசிரியைக்குப் போன் போட்டார். அன்புச்செல்விக்கு அந்தக் குரலைக் கேட்டதில் ஏற்பட்ட மகிழ்ச்சியை அவர் மறைத்துக்கொள்ளவே இல்லை. "ரெண்டு வழி இருக்குங்க. மனுவுல எழுதினது பொய்னு உங்க கையால எழுதிக் குடுங்க. இல்லன்னா, ரெண்டு பொண்ணுங்களும் ஒண்ணா சாப்பிட்டதே இல்லன்னு ரோஜா அம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

முதல் வழி தற்கொலை. ஒரு காயம் பொய் என்றால், இருபத்திரண்டு வருடத்து மூதாட்டிகள் அத்தனை பேரும் எழுந்து நடந்துவிடுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது வழியை ஒரு வெள்ளைத்தாளில் அழகாக எழுதிக்கொண்டு காலனிக்குப் போனார். சின்னபொண்ணு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றாள்.

"வாங்க மனுக்கார அய்யா. எங்க தெருவுக்கு வழி தெரிஞ்சிதா?"

"பேச நேரமில்லம்மா. ஜல்தியா இதுல ஒரு கைநாட்டு வச்சி குடு."

"கைநாட்டா? பத்தாவது வரைக்கும் படிச்சவங்க நானு. குடுங்க, படிச்சிப் பாக்குறேன்." நிதானமாகப் படித்தாள். "'ஒருபோதும் ஒன்றாக உணவருந்தியதில்லை'. இதுல நான் கையெழுத்து போடமாட்டேன்."

"ஏன்? பழி வாங்குறியா?"

"பொய்யில போடமாட்டேன். உங்க பொண்ணு பதினொண்ணாவதுலேர்ந்து எம் பொண்ணு டிபன்லதான் சாப்பிடுது. எங்கூட்டுக் கேப்ப அடையும் மல்லாட்ட தொவையலும் அதுக்கு. உங்கூட்டு சாம்பார் சோறு எம் பொண்ணுக்கு. உங்கூட்டு சாம்பார்ல உப்பே இல்லன்னு ரோஜா சொல்லும். போயி வேணியம்மாகிட்ட சொல்லுங்க."

அரங்கநாதன் தாளை மடிக்கக்கூட மறந்து திரும்பி நடந்தார். அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ காயங்களைக் கற்பனை செய்திருக்கிறார். ஒன்றாவது இப்படி உண்மையாக இருந்து அவருக்குத் துரோகம் செய்ததில்லை.

வீட்டில் சங்கவி அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "ஆமாம்பா. ஒண்ணாதான் சாப்பிடுவோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடுவீங்களா? மனுவுல நீங்க டிபன் பாக்ஸ் பத்தி எழுதியிருக்கீங்கன்னு மிஸ் போன்ல சொன்னப்ப, அப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சி, தெரிஞ்சும் திட்டாம உட்டுட்டாரேன்னு நெனச்சேன். சந்தோசமாகூட இருந்துச்சி."

"காலனி சோத்தயா தின்ன நீ?"

வேணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "வயித்துல கிருமி போச்சான்னு கேக்கல. யாரு சோறு போச்சின்னு கேக்குற. இன்னா அப்பன்யா நீ!"

திங்கட்கிழமை சங்கவிக்குப் பரிசோதனை எடுத்தார்கள். செவ்வாய் காலை 'நெகட்டிவ்' என்று வந்தது. அன்புச்செல்வி போனில் மிச்ச வழியைச் சொன்னார்: "மனு கொடுத்தவர் அந்தப் பதினாலு நாள் கோரிக்கையைத் திரும்ப வாங்கணும். கடைசியா என்னைக்கு ஒண்ணா சாப்பிட்டாங்கன்னு தேதி போட்டு எழுதணும். அப்பதான் ஏழு நாள் முடிஞ்சிருச்சுன்னு எண்ண முடியும்."

"'தற்செயலாக அருகில் நிற்க நேர்ந்தது'ன்னு எழுதலாங்களா டீச்சர்?"

"எழுதுங்க. உங்க பதினாலு நாளே இருக்கட்டும்."

அவர் எழுதவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மல்லாட்டைக் காட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தார். மத்தியானம் சங்கவியே எழுதிவிட்டாள். நான்கே வரி. 'நானும் ரோஜாவும் தினமும் ஒன்றாகச் சாப்பிடுவோம். கடைசியாகப் போன வாரம் திங்கட்கிழமை சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் நாளை தேர்வு எழுத வேண்டும்.' கீழே, பதினான்கு நாள் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அப்பாவுக்கு ஒரு வரி, கையெழுத்துக்கு இடம்.

அரங்கநாதன் தொழில்முறையில் படித்துப் பார்த்தார். "'தினமும்'ன்றத மட்டும் எடுத்துடலாமா?"

"தினமும்தாம்பா சாப்பிட்டோம்."

"இதுல ஒரு கண்ணீர்கூட இல்ல. எவன் படிப்பான்?"

வேணி பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். மூன்று மணி அளவில் கையெழுத்து விழுந்தது. அவருடைய மனுக்களிலேயே காயம் இல்லாத முதல் மனு அது. அவர் எழுதியதும் அல்ல. சாயங்காலத்துக்குள் அனுமதி வந்தது.

புதன்கிழமை காலை பள்ளி வாசலில் கூட்டம். எடுத்த நடவடிக்கையின் விவரத்தை அனைவரும் அறிய ஒட்ட வேண்டும் என்று அரங்கநாதன் கேட்டிருந்தாரல்லவா? அன்புச்செல்வி அதில் ஒரு எழுத்துக்கூடக் குறைவைக்காமல் நிறைவேற்றியிருந்தார். அறிவிப்புப் பலகையில் நான்கு வரியும், கீழே அரங்கநாதன் கையெழுத்தும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். ஏழு நாள் முடித்த ரோஜாவும் சங்கவியும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

ஜெகதீசன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "தினமும் தின்னுச்சாமே! தல காட்டுறதுக்கு வெக்கமா இல்ல உனக்கு? சரி, பேனாவ எடு. இந்த ரெண்டும் தனி ரூம்ல உக்காந்து எழுதணும்னு இன்னொரு மனு போடு."

அரங்கநாதன் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்துவிட்டார். வாயும் தானாகத் திறந்தது. "இதுல யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கா? உம் பொண்ணு பேரயே போடேன். போன தடவ நல்லா வேல செஞ்சிதே!"

பேனா மூடியது. "எம் பொண்ணு உள்ள பரீட்ச எழுதிக்கினு இருக்கா" என்றார் அரங்கநாதன். "உம் புள்ள இருமறது வெளிய வரைக்கும் கேக்குது. வேணும்னா அதுக்கு ஒண்ணு எழுதித் தர்றேன்."

இதனால் அவர் திருந்திவிட்டார் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அப்போதும் சின்னபொண்ணு நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை. அவள் சுவருக்கு வெளியே, போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"மனுக்கார அய்யா! இன்னிக்கும் கேப்ப அடை ரெண்டு கூடதான் வச்சி அனுப்பியிருக்கேன். உப்பு சரியா இருக்குதான்னு சாயங்காலம் உங்க பொண்ண கேளுங்க. கொறையா இருந்தா மனு போடுங்க."