ராசாத்தாள் கொடுத்த சேவல்

கர்ர்க்... கர்ர்க்...

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த கனகத்தின் கை அப்படியே நின்றது. சத்தம் முன்னறையிலிருந்து வந்தது. கத்திரிச் சத்தம். பத்து வருஷமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்குத் தன் கத்திரியின் குரல் தெரியாதா? பருத்தியின் மேல் ஓடினால் ஒரு மாதிரி பேசும், பட்டின் மேல் ஓடினால் ஒரு மாதிரி. இது எந்தத் துணியும் இல்லை. ஈரமான சத்தம்.

தோசையைக் கருக விட்டுவிட்டு ஓடினாள்.

தரையில் பழைய பேப்பரை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் மருதாசலம். முன்னால் ஒரு செத்த பிராய்லர் கோழி, இறகு உரிக்காமல், மல்லாக்கக் கிடந்தது. அதன் நெஞ்சிலிருந்து கீழ் வயிறு வரைக்கும் அவளுடைய கத்திரி போயிருந்தது.

"ஏனுங்க! அது என்ற கத்திரிங்க!"

"நாளைக்குச் சாணை புடிச்சுத் தாரேன். சத்தம் போடாதே, கை நடுங்குது."

"கறிக்கடையில வாங்கற கோழியை ஊட்டுல வெச்சு ஏனுங்க அறுக்கோணும்?"

"அறுக்கறனா? தோலை உரிக்கறேன். இறகோட, முழுசா. இது பழகறதுக்கு. இதுல கை படிஞ்சாத்தான் கருப்பனைத் தொடுவேன்."

கருப்பன். அந்தப் பெயரைக் கேட்டாலே கனகத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

கருப்பன் ஒரு கட்டுச்சேவல். உடம்பெல்லாம் மினுமினுக்கும் கருப்பு, கழுத்தில் மட்டும் செம்பொன் சால்வை போர்த்தியது போல இறகு. காலில் கத்தி கட்டிக் களத்தில் விட்டால் எதிரில் நிற்கும் சேவல் திரும்பிப் போனதில்லை. தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள். அது ஜெயித்தவனுக்குச் சொந்தம். ஐந்து கோச்சைகளைக் கனகமே குழம்பு வைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட வீரன் இந்தச் சித்திரை வெயிலில், வெள்ளைக் கழிச்சல் கண்டு, மூன்றே நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டான்.

செத்தது என்று கேட்டதும் கனகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று மருதாசலம் நினைத்தார். அவளுக்கு வந்தது சிரிப்பு.

பாவம், அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

உடுமலைப்பேட்டையில் மருதாசலத்துக்கு ஒரு தாய்மாமன். அவர் மகள் ராசாத்தாள். பிறந்ததிலிருந்தே இவனுக்குத்தான் என்று பேசி வைத்த பெண். ஆனால் பெண்ணுக்கு வயது வந்தபோது, சிங்காநல்லூர் பட்டறையில் லேத் பிடிக்கிற இந்த டர்னருக்குக் கொடுக்க மாமனுக்கு மனம் வரவில்லை. தென்னந்தோப்புக்காரனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் மருதாசலம் அவிநாசிக்குப் போய்க் கனகத்தைப் பெண் பார்த்தது.

கல்யாணம் முடிந்து மாமன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். கிளம்பும்போது ராசாத்தாள் ஒரு சின்னக் கூடையைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு கருப்புக் குஞ்சு.

"நல்ல சாதிங்க மாமா. என்ற ஞாபகமா வளத்துங்க."

"சரி அம்மணி," என்றார் மருதாசலம்.

அம்மணி! கட்டிய பெண்டாட்டியை அவர் 'இந்தா' என்பார், 'ஏ கனகம்' என்பார். அம்மணி என்ற சொல் அவர் வாயிலிருந்து அவளுக்காக வந்ததே இல்லை. ஊர் வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் அந்தக் கூடை கனகத்தின் மடியில்தான் இருந்தது. குஞ்சு அவளுடைய கல்யாணப் பட்டில் எச்சம் போட்டது. ஆறு வருஷமாகியும் அந்தக் கறை போகவில்லை. புடவையிலும், மனதிலும்.

அந்தக் குஞ்சுதான் வளர்ந்து கருப்பன் ஆனது. அதற்குப் பாதாம் ஊற வைத்துக் கொடுப்பார். முட்டை வெள்ளைக்கரு கொடுப்பார். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். கனகத்துக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கக்கூட அவள்தான் நடந்து போக வேண்டும். சேவல் கூவினால் அவளுக்கு 'ராசாத்தா' என்று கூப்பிடுவது போலவே கேட்கும்.

ஒழிந்தது என்று நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். அதைக்கூட அவர் முழுசாய் விட விடவில்லை.

"புதைக்க மனசு வரல. பாடம் பண்ணி வெச்சுக்கப்போறேன்," என்றார். காலேஜ் விலங்கியல் லேபில் அட்டெண்டராக இருக்கிற அப்துல் மஜீத் அவருடைய சிநேகிதர். லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கும் ஆந்தையும் உயிரோடிருப்பது போல நிற்கிறதாம். செய்முறையை வரிசையாக ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். "காட்டுப் பறவை, மயிலு பக்கமெல்லாம் போயிராதீங்க, ஃபாரஸ்ட்டுக்காரன் கொண்டு போயிருவான். ஊட்டுச் சேவல்னா ஒரு தொந்தரவும் இல்லை" என்றும் சொல்லியிருந்தார்.

கை பழகும் வரைக்கும் கருப்பன் கெடாமல் இருக்க வேண்டுமே? பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்த ஃப்ரிட்ஜ் கனகத்தின் அப்பன் சீர் கொடுத்தது! மாவை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே ராசாத்தாளின் சேவல் படுத்திருக்கும்.

'உசுரோட இருந்தப்ப வாசல்லதான் இருந்தே. செத்து என்ற சீருக்குள்ளயே வந்துட்டயே!'

முதல் பிராய்லர் கிழிந்தது. இரண்டாவதைத் தைத்து முடித்தார். பஞ்சை அளவில்லாமல் அடைத்ததில் கொண்டை வைத்த தலையணை மாதிரி இருந்தது. "இதை எந்தக் கட்டில்ல போடோணுமுங்க?" என்று கேட்டுவிட்டு, கனகம் நாலு நாள் கழித்து மனசாரச் சிரித்தாள். மூன்றாவதில் கோழி என்று அடையாளம் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருப்பனை வெளியே எடுத்தார்.

காலண்டர் தாளில் இருந்தபடியே செய்தார். ரத்தம் இறகில் படாமல் மரத்தூள் தூவினார். தோலை விரலாலேயே தள்ளித் தள்ளி, சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றினார். மண்டையைச் சுத்தம் செய்து, தோலின் உள்பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரமும் வெங்காரமும் பொடித்துத் தேய்த்தார். தேங்காய் நாரைச் சுருட்டி நூல் சுற்றி ஓர் உடம்பு செய்து, கழுத்துக்கும் காலுக்கும் கம்பி கொடுத்தார். அந்த வேலையிலெல்லாம் டர்னர் கை துல்லியமாகத்தான் இருந்தது. தையலில்தான் தோற்றது. கோணி ஊசியால் இழுத்ததும் தொடைப்பக்கத் தோல் காகிதமாய்க் கிழிந்தது. ஊசி கட்டை விரலிலும் ஏறியது.

"கொஞ்சம் புடி," என்று சேவலை மனைவி மடியில் வைத்துவிட்டு விரலைக் கழுவப் போனார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் இருந்தது போலவே அது அவள் மடியில் கிடந்தது. பக்கத்தில் கத்திரி. ஒரே ஒரு வெட்டு. கழுத்தோரம் கை தவறிப்போச்சு என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்தப் பீடை இன்றோடு ஒழியும். கனகம் கத்திரியைக் கையில் எடுத்தாள்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. இது கிழிந்தால் நாளைக்கு உடுமலையில் என்ன பேச்சு நடக்கும்? 'நான் ஆசையாக் கொடுத்ததை அவ பொறாமையில கிழிச்சுப்போட்டா' என்று ராசாத்தாள் மூக்கைச் சிந்துவாள். இவரும் 'ஆமாம் அம்மணி' என்பார். ஜெயிப்பது அவளாகத்தான் இருக்கும்.

கத்திரியைக் கீழே வைத்தாள். பட்டு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போடும் மெல்லிய ஊசியில் கருப்பு நூலைக் கோத்தாள். விரலைக் கட்டிக்கொண்டு மருதாசலம் திரும்பி வந்தபோது, கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை.

"அடேயப்பா!" என்றார்.

"வாயைப் பொளக்காதீங்க. கோணி தைக்கறவிய கையில குடுத்தா எதுதான் உருப்படும்? அந்த இறகை விலக்கிப் புடிங்க."

வயிற்றுத் தையல் முழுக்க அவளே போட்டாள். ஒவ்வொரு தையலையும் கொஞ்சம் இறுக்கித்தான் இழுத்தாள்.

கடைசியாகக் கண். பட்டறையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கம்பியை லேத்தில் கடைந்து, மிளகுக்கு மேல் பருமனாக மூன்று ஜோடிக் கண்கள் செய்து கொண்டுவந்திருந்தார் மருதாசலம். பின்பக்கம் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. எந்த நிறம்? செத்த சேவலின் கண் உள்ளே போய், பாலாடை படிந்து, ஒன்றும் விளங்காமல் போயிருந்தது. சிவப்பு வைத்துப் பார்த்தார். மஞ்சள் வைத்துப் பார்த்தார். கருப்பன் யாரோ போல முழித்தான்.

"ஆறு வருஷம் பார்த்தேன், கண்ணு நெறம் ஞாபகம் வரலியே!" என்று தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ராசாத்தாளுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்கலாமா?" என்றார்.

தையல் மெஷின் டக்கென்று நின்றது.

"வெள்ளை," என்றாள் கனகம்.

"என்ன?"

"வெள்ளைக் கண்ணு. முத்து மாதிரி. ஓரத்துல மட்டும் ரத்த நூலு ஓடும். எடது கண்ணுல அந்த நூலு கொஞ்சம் தடிப்பு. எடது கால்ல மூணாவது செதில் இல்லை. நிக்கறப்போ கழுத்தை வலப்பக்கமாச் சாய்க்கும். நீங்க நேரா வெச்சிருக்கீங்க, அதனாலதான் அது அதாவே இல்லை."

மருதாசலம் அவளையே பார்த்தார். "உனக்கெப்படி இத்தனை தெரியும்?"

"ஆறு வருஷமா மொறைச்சுப் பார்த்தவளுக்குத் தெரியாதுங்களா?"

அவள் சொன்னபடியே வெள்ளை அடித்து, ரத்த நூல் இழுத்து, கண்ணைப் பதித்துக் கழுத்தைச் சாய்த்தார். அந்த நொடியில் கனகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அதே திமிர். அதே முறைப்பு. கருப்பன் வந்துவிட்டான். கையைக் கொடுத்துத் தானே சக்களத்தியை உட்கார வைத்தது போல இருந்தது அவளுக்கு. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் போயிற்று. இறகில் சுற்றிய நூலை அவிழ்த்து, மரப்பலகையில் ஏற்றி, கல்யாணப் போட்டோவுக்கு நேர் கீழே சேவலை நிறுத்தினார் மருதாசலம். போட்டோவைப் பார்க்கிறவன் கண் முதலில் சேவலில்தான் விழும். 'இதை எப்படியாவது இந்த ஊட்டை விட்டுப் போக வையப்பா' என்று அவிநாசியப்பனிடம் வேண்டிக்கொண்டே கனகம் தினமும் அதன் மேல் தூசி தட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் தேங்காய்ப் பையோடு வாசலில் வந்து நின்றாள் ராசாத்தாள்.

மகனுக்குக் காதுகுத்து. அழைக்க வந்திருக்கிறாள். கழுத்தில் ரெண்டு வடம் சங்கிலி, உடம்பில் தோப்புக்காரியின் நிறைவு. கனகம் தன் கழுத்துத் தாலிக்கயிற்றை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றாள்.

குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைத்து நிமிர்ந்த ராசாத்தாள் சேவலைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மாமா! நம்ம கருப்பனா? உசுரோட நிக்கற மாதிரியே இருக்குதுங்க!" ஓடிப்போய்த் தடவினாள். 'நம்ம' கருப்பன். காபி டம்ளரோடு அடுப்படி வாசலுக்கு வந்த கனகத்தின் காதில் அந்தச் சொல்தான் விழுந்தது. "எல்லாம் சரிங்க மாமா, கண்ணு மட்டும் மாறிப்போச்சு. கருங்கண்ணுல்ல இதுக்கு? என்ற கையில பொரிச்சது, எனக்குத் தெரியாதா?"

கனகம் புருஷனைப் பார்த்தாள். இந்த மனுஷன் இப்போது என்ன சொல்லப் போகிறார்? 'ஆமாம் அம்மணி, தப்பாப் போச்சு' என்று தலையாட்டி, அவள் சொன்ன நிறத்தைப் பூசப் போகிறாரா? ஆறு வருஷமாய் அடிவயிற்றில் கிடந்த கேள்விக்கு இந்த ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும் போலிருந்தது.

மருதாசலம் தொண்டையைச் செருமினார்.

"குஞ்சுல கருப்பா இருந்திருக்கும். நீ பார்த்தது குஞ்சு. வளந்து சேவலானப்புறம் வெள்ளைதான். கனகம் சொன்னாத் தப்பாது."

ராசாத்தாளின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. பிறகு கொஞ்சலாகச் சிரித்தாள். "சரிங்க. அப்போ இதை எனக்குக் குடுத்துருங்களேன் மாமா. எங்க ஊட்டுக் கூடத்துல வெச்சுக்கறேன். நான் குடுத்ததுதானுங்களே?"

"என்னைக் கேட்டா? அம்மணியைக் கேளு."

யாரைச் சொல்கிறார் என்று ராசாத்தாளுக்குப் புரியவில்லை. கனகத்துக்கும்தான் புரியவில்லை. அவர் கை அடுப்படி வாசலைக் காட்டியது. டம்ளரோடு நின்றவளை.

கனகத்துக்குக் கண் பொங்கியது. வேண்டிக்கொண்ட வரம் வீடு தேடி வந்திருக்கிறது. 'எடுத்துட்டுப் போங்க' என்று ரெண்டு வார்த்தை போதும், பீடை ஒழிந்துவிடும். வாயைத் திறந்தாள். அப்போது தென்னந்தோப்பு வீட்டுக் கூடம் கண் முன்னால் வந்தது. அதில் கருப்பன். 'எங்க மாமன் அவிய கையால செஞ்சது' என்று இவள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். தன்னுடைய ஊசி போட்ட தையலைத் தடவிக்கொண்டே.

"குடுக்க முடியாதுங்க," என்றாள்.

"ஏனுங்க்கா?"

"நீங்க குடுத்தது குஞ்சுங்க. அதை மடியில சுமந்துட்டு வந்தது நானு. இதுல இருக்கற தையலெல்லாம் என்ற தையலு. இது எங்க ஊட்டுச் சேவலுங்க. காபி ஆறுது, குடிங்க."

ராசாத்தாள் காபியைக் குடித்தாள். வெயிலைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் ரெண்டு வார்த்தை பேசினாள். கனகம் அவள் தலையில் மறக்காமல் பூ வைத்துவிட்டாள். அதில் குறை வைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாரனுங்க மாமா, வாரனுங்க்கா" என்று ராசாத்தாள் படி இறங்கினாள்.

பஸ் ஏற்றிவிட இவர் செருப்பை மாட்டுவார் என்று கனகம் காத்திருந்தாள். கதவைப் பிடித்தபடி, திரும்பாமல், காதை மட்டும் பின்னால் வைத்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. தெருமுனையில் ராசாத்தாள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு தரம்தான். கனகம் எண்ணிக்கொண்டாள்.

"இந்தா, வாலுகிட்ட ஒரு தையல் விட்டிருக்குது பாரு. ஊசியை எடு," என்றது உள்ளேயிருந்து அவர் குரல்.

திரும்பிப் பார்த்தாள். மருதாசலம் சேவலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாசலைப் பார்க்கவில்லை. கருப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை வருஷம் பார்ப்பாரோ!

தெருவைப் பார்க்காமல் இருந்தாரே, அந்த மட்டுக்கும் போதும் என்று கனகம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.