பொம்மைகளுக்குக் கிடைத்த அறை

செல்வியின் கால் போனதற்குக் காரணம் நான்தான். புயல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பாதீர்கள்!

செல்வி என் கணவரின் தம்பி மனைவி. அந்தத் தம்பி கட்டட வேலைக்கென்று கேரளாவுக்குப் போனவன், போனவன்தான். பிறந்த வீட்டிலும் அவளுக்கு யாரும் மிச்சமில்லை. விருத்தாசலத்தில் எங்களோடு இருந்தாள்.

எங்கள் பிழைப்பு பீங்கான் வியாபாரம். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று சூளையிலிருந்து எடுத்து, வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கி, பழைய வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய் விற்போம். வெளியூர் போனால் அந்த வேன்தான் வீடு. பாதி இடத்தில் பெட்டிகள். மீதியில் பலகைப் படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர்க் குடம். சமையலும் தூக்கமும் அதற்குள்ளேயே.

எனக்கு வாய் அதிகம். வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். செல்வி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை...

சுனாமிக்கு அடுத்த வருடம். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சுற்றிலும் நடவு வயல். காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. காலையில் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு என் கணவர் பஸ் ஏறினார். வானம் அப்போதே கருத்திருந்தது.

"காத்து ஏறும்போல இருக்குது. பாரத்த மட்டும் எறக்கிடாத. பாரம் இருந்தாதான் வண்டி நிக்கும். ரொம்ப அடிச்சா ரெண்டு பேரும் எங்கனா கட்டடத்துக்குள்ள போயிடுங்க" என்றார். தலையாட்டினேன்.

மதியத்துக்குள் பஸ் நின்றுபோனது. பேட்டரியோடு போன இடத்திலேயே என் கணவர் மாட்டிக்கொண்டார். மழை சாய்ந்து அடித்தது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"யம்மா, வண்டில இருக்காதீங்க. ரேடியோவுல புயலுன்னு சொல்றாங்க. பஞ்சாயத்து ரூம்பு சாவி எங்கிட்டதான் இருக்குது. ரெண்டு பேரும் உள்ள வந்துடுங்க."

நல்ல மனிதர். எங்கள் இரண்டு உயிருக்காக அந்த அறையைத் திறந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

வேனின் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. வைக்கோல் நனைந்தால் அதன் சாறு இறங்கி, வண்ணம் பூசிய பொம்மைகளில் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் உள்ள பயம் இது. அந்தப் பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. செல்வியையும் அந்த மனிதரையும் விரட்டி விரட்டிப் பெட்டிகளை அறைக்குள் சுமக்க வைத்தேன். பாரத்தை இறக்காதே என்று என் கணவர் சொன்னது மறக்கவில்லை. பெட்டி நனையாமல் இருக்கட்டும், வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்!

சின்ன அறை. சுவருக்குச் சுவர் பெட்டிகள். கதவோரம் ஒருத்தி காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவுதான். அங்கே நான் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் தன் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார். செல்வி வாசலில் சொட்டச் சொட்ட நின்றாள்.

"அக்கா, இந்த ரெண்டு பெட்டிய மட்டும் வண்டிக்குக் கொண்டு போயிட்டா நானும் இங்கயே குந்திக்குவேங்க்கா. வண்டி ஆடுது. பயமா இருக்குது."

என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள் அவள்.

"பொம்மையெல்லாம் கறையாயிட்டா எவடி வாங்குவா? வண்டிக்கும் ஒரு ஆளு வேணும். போயி பலகையில படு, போ."

போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு பெட்டி... எடுத்து வெளியே வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாங்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் காற்று திசை மாறியது. வெறும் கூடாக நின்ற வேனை அது வாய்க்கால் பக்கம் புரட்டிப் போட்டது. செல்வி கதவைத் திறந்து குதிக்கப் பார்த்திருக்கிறாள். வலது கால் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அவள் அலறல் கேட்டுத்தான் நான் வெளியே வந்தேன். ஊரார் கூடி வண்டியைத் தூக்கினார்கள். டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் என் கணவர் வந்து சேர்ந்தார். செல்வி கண்மூடிக் கிடந்தாள்.

"பாரத்த ஏன் எறக்குன? அவள ஏன் வண்டில வுட்ட?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன்: "நனையுதுன்னு அவதாங்க எறக்கணும்னா. நான் உள்ள வாடின்னு கூப்புட்டேன். வண்டியப் பாத்துக்கறேன்னு அங்கயே படுத்துட்டா."

கூசாமல் சொன்னேன்! அவள் கண் விழித்ததும் அவர் அவளிடமும் கேட்டார்.

"ஆமா மாமா. அக்கா கூப்புட்டாங்க. நான்தான் போவல" என்றாள்.

என் பொய்யை அவளும் சொன்னாள். மயக்கத்தில் எல்லாம் மறந்துவிட்டதா? இல்லை, என்னை மன்னித்துவிட்டாளா? மன்னித்துவிட்டாள் என்றே வைத்துக்கொண்டேன். எவ்வளவு சுகமான நினைப்பு! பெட்டிகளில் ஒரு விளக்குகூட உடையவில்லை, ஒரு பொம்மையிலும் கறை இல்லை. தீபத்துக்குள் அத்தனையையும் விற்றேன். அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

வருடங்கள் போயின. என் கணவர் போய்ச் சேர்ந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஒரு நாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"செல்வி, அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் மாமாகிட்ட சொன்னது..."

அவள் தலை நிமிரவில்லை. "கேட்டுக்கிட்டுதாங்க்கா இருந்தேன். கண்ணுதான் மூடியிருந்துச்சு."

"அப்பறம் ஏன்டி ஆமான்னு சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டு ஒத்தக் காலோட எந்த வூட்டுக்குங்க்கா போவேன்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்... கீரையை அள்ளிக்கொண்டு, கட்டையை ஊன்றி எழுந்து, உலையைப் பார்க்கப் போனாள்.

மன்னிப்புக் கேள் என்று நீங்கள் சொல்வீர்கள். எப்படிக் கேட்பேன்? கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். இன்னும் என் வீட்டில்தானே இருக்கிறாள்!