செக்கரம்மா வீட்டு முதல் வார்த்தை

என் அண்ணி பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தெருவில் எல்லாருக்கும் அவள் செக்கரம்மா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதால் இங்கே ‘அவள்’ என்றே எழுதுகிறேன். நேரில் ‘நீங்க’தான். இதைப் படித்தால், எழுத்தில் மட்டும் ஏன் மரியாதை குறைந்தது என்று என்னை நிற்க வைத்து விசாரிப்பாள்.

நம்பாமல் இருப்பதுதான் அவளுக்குச் சம்பளம். “இப்பதான் ஏறினேன் மேடம்”, “கண்டக்டர் குடுக்கல மேடம்”, “கையிலதான் வச்சிருந்தேன், காத்துல பறந்துடுச்சு” என்று நாள் முழுக்கப் பொய் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது காய்த்துப்போயிருந்தது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டேன் என்று நான் சொன்னால், சரி என்பாள். பிறகு எழுந்து போய் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் அரண்டவளும் இல்லை. பேயைப் பார்த்தால் அதனிடமும் டிக்கெட் கேட்பாள்.

அவள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்காமல் தப்பிக்கப் பெற்றவர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் அல்லவா? அவள் பெற்றவர்களிடம் வாயே கொடுக்க மாட்டாள். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, “கண்ணு, எந்த கிளாஸ் படிக்கறீங்க?” என்பாள். பிள்ளை பெருமையாகச் சொல்லிவிடும். தகப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவான். ஊரார் பிள்ளைகளையெல்லாம் இப்படி வாய் திறக்க வைத்தவளுக்குத் தன் பிள்ளையிடம் மட்டும் அது பலிக்கவில்லை. மூன்று வயதை நெருங்கியும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். உறவுக்காரர்கள் வந்தால் “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று ஆரம்பிப்பார்கள். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடி வீடு. முன்னறையில் என் அண்ணன் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றுவான். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி அவிழ்க்க வேண்டும். அதனால் அவன் பேசுவதில்லை, பேசினால் கேட்பதும் இல்லை. நடு அறையில் என் தையல் மெஷின். கட்டினவனோடு ஒத்துவராமல் நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகின்றன. பகலில் குழந்தை என் பொறுப்பு. கீழே தெருவைப் பார்த்து ஓர் அயர்ன் கடை. அதன் முதலாளி, தொழிலாளி, கணக்கப்பிள்ளை எல்லாம் ஒரே ஆள்.

காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, சுகாதார நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் மூன்று பேரும் குழந்தையோடு போனோம். சின்னப் பெண். அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீட்ல குழந்தைகிட்ட யார் பேசுவீங்க?” என்று டீச்சர் கேட்டாள்.

“நாங்கதான்” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“சரி, இப்ப பேசிக் காட்டுங்க.”

அண்ணி மேஜையிலிருந்த படப் புத்தகத்தை இழுத்தாள். “இது என்ன? சொல்லு. இது என்ன கலர்? மாடு எங்க? எங்க மாடு? சொல்லு கண்ணு, சொல்லேன்.” குழந்தை மெதுவாக நாற்காலியிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் போய்விட்டான்.

டீச்சர் சிரிக்கவில்லை. “கொஞ்ச நாளைக்குக் கேள்வியை விட்டுடுங்க. நீங்க செய்யறதை, அவன் பாக்கறதைச் சும்மா சொல்லிக்கிட்டே இருங்க. சொல்லிட்டு காத்திருங்க. அவன் என்ன சத்தம் போட்டாலும் அதைப் பேச்சா எடுத்துக்கிட்டு பதில் சொல்லுங்க. ஒரே சத்தத்தை ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான்னா, நமக்குப் புரியலன்னாலும் அது வார்த்தைதான்.”

படி இறங்கும்போதே அண்ணி ஆரம்பித்துவிட்டாள். “கேள்வி கேக்காம எப்படிப் பதில் வரும்? வேலை தெரியாதவ சொல்ற சாக்கு இது. அவ முழியைப் பாத்தியா? டிக்கெட் எடுக்காதவ முழி.”

நான் டீச்சர் சொன்னபடி செய்து பார்த்தேன். எனக்கு அவள் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத வீட்டில் பேசச் சொன்னால் கசக்குமா? “பட்டன் வைக்கறேன். சிவப்பு நூல். ஐயோ, ஊசி குத்திடுச்சு” என்று மெஷினை நிறுத்தி நிறுத்திப் பேசினேன். அவன் என் வாயையே பார்ப்பான். அண்ணியோ வேலை முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல், “இன்னைக்கு என்ன பண்ணின? அத்தை என்ன குடுத்தா? யார் வந்தா?” என்று தொடங்குவாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அதையும் அவள் என் மேல் சந்தேகமாக மாற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான் அவன் முகம் திருப்பக் கற்றுக்கொண்டானாம்.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் அயர்ன் கடைக்காரர் அவளைப் படியில் மறித்தார். முகமெல்லாம் பல்.

“மேடம், உங்க பையன் பேசிட்டான்! தினமும் ஜன்னல்ல நின்னு என்னைக் கூப்பிடறான். ‘அயன், அயன்’னு. நானும் கையாட்டுவேன்.”

அவள் மேலே வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கும் அந்தச் சத்தம் தெரியும். ‘அயேன்’ என்பான். அயர்ன் கடையைத்தான் காட்டுகிறான் என்று நானும் நினைத்திருந்தேன். பெற்றவளுக்கு முந்திக்கொண்டு கீழ்வீட்டுக் கடைக்காரர் பெயர் வந்துவிட்டதை எந்த வாயால் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன்.

“அவன் வாயில முதல்ல வந்தது அயனா?” என்றாள்.

“குழந்தை அண்ணி. கண்ணுல பட்டதைச் சொல்றான்.”

“கண்ணுல படணும்னா எத்தனை தடவை படணும்? நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை கீழ போற?”

“தைச்ச துணியை இஸ்திரி போடாம குடுக்க முடியுமா?”

“நம்ம வீட்லயே பெட்டி இருக்கே?”

“அது சூடாகல.”

“ஓஹோ. ஊர்ல இருக்கற மோட்டாரையெல்லாம் ரிப்பேர் பண்றவர் இந்த வீட்லதான் இருக்காரு. அவர் தங்கச்சிக்கு இஸ்திரிப் பெட்டி சூடாகல.”

“ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றவன் வீட்டுச் சாமான் என்னைக்கு அண்ணி ஓடியிருக்கு?”

அவள் எழுந்து போய்ப் பெட்டியைச் செருகித் தொட்டுப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை விட்டு வந்தவள் மேல் சந்தேகப்படுவதற்குச் சாட்சி எதுவும் வேண்டாம், ஒரு மாடிப்படி போதும். கடைக்காரருக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா இல்லையா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. என் அண்ணிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது. தன் பிள்ளையின் முதல் சொல்லை யாரோ திருடிவிட்டார்கள், அதற்கு நான் கதவு திறந்துவிட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

செக்கர்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எதிர்பார்க்கிற நிறுத்தத்தில் ஏறவே மாட்டார்கள். அதேபோல ஒரு நாள், வேலைக்குப் போனவள் முற்பகலிலேயே திரும்பி வந்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் படியேறியிருக்கிறாள். துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக நான் வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடியில், கதவுக்குப் பின்னால் அவள் சீருடையின் கை தெரிந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பார்க்கட்டும் என்று பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அயர்ன் கடை விடுமுறை. ஷட்டர் இறக்கியிருந்தது. குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தின் பக்கம் பார்த்து, “அயேன்” என்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடி, “அயேன்.” பிறகு இறங்கி வந்து, ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய இன்னொரு சீருடைச் சட்டையின் நுனியைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அதனிடமும் மெதுவாக “அயேன்” என்றான்.

அண்ணி உள்ளே வந்தாள். “பாத்தியா, அயர்ன் பண்ணின சட்டைன்னு சொல்றான்” என்றாள். அப்போதும் அவளுக்குத் துப்புத்தான் கிடைத்தது.

குழந்தை திரும்பினான். அவளைப் பார்த்தான். சட்டையை விட்டுவிட்டு, “அயேன்!” என்று கத்திக்கொண்டே ஓடி அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

முன்னறையில் கம்பி சுற்றும் சத்தம் நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வார்த்தை வருவதே அபூர்வம்.

“உன்னைத்தான் கூப்பிடறான். காலைல அவன்கிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்புவ?”

அவள் யோசித்தாள். “ஒண்ணும் இல்லையே. வரேன்னு சொல்லுவேன்.”

“அதான். உன் பேரே அதுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.”

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“இப்பதான். எண்ணிக்கை விட்டுப்போச்சு. அதான் காதுல விழுந்துச்சு.”

கிளம்பும்போது ‘போறேன்’ என்று நம் வாயில் வராது. போகும்போதும் நமக்கு ‘வரேன்’தான். காலையில் அவனைத் தூக்கி முத்தம் கொடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிதானமாக அவள் சொல்வது அது. வேறு எதைச் சொன்னாலும் அவனிடம் கேள்வியாகத்தான் சொல்வாள். கேள்வியில்லாமல் அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே சொல்லை அவன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அவள் இல்லாத நேரமெல்லாம் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அண்ணி சீருடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “கிளம்பிப் போறவளா மட்டும்தான் என்னை இவனுக்குத் தெரியுமா?” என்றாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கும் முன் டம்ளருக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

டீச்சரிடம் போய்ச் சொன்னபோது, “திருத்தாதீங்க. அவன் அப்படிக் கூப்பிட்டா, ‘அம்மா வந்துட்டேன்’னு சொல்லுங்க. போதும்” என்றாள். அண்ணி தலையாட்டினாள். வெளியே வந்ததும், “இது உண்மையா இருக்குமா?” என்று என்னிடம் கேட்டாள். இருந்தாலும் செய்தாள். லேஸ் கட்டும்போது, “அம்மா ஷூ போடறேன். இந்தக் கால். அந்தக் கால்” என்றாள். சாயங்காலம் வந்து, அன்றைக்குப் பிடிபட்டவர்களின் பொய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னாள். கேள்வி வாய்வரை வந்துவிடும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். அண்ணன் வாய்விட்டு எண்ணத் தொடங்கினான். கடைக்காரரிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். “அப்ப என்னைக் கூப்பிடலையா?” என்று அவர் முகம் வாடிப்போனது.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி வந்தது. நூலு வந்தது. ‘அத்த’ வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ரகசியமா பழக்கியிருக்க” என்றாள். சத்தியம் செய்தேன். சத்தியம் செய்கிறவர்களைத்தான் அவள் முதலில் இறக்கிவிடுவாள். அம்மா மட்டும் வரவில்லை. அவள் இன்னும் அவனுக்கு ‘அயேன்’தான். கூப்பிடும்போதெல்லாம் “அம்மா வந்துட்டேன்” என்பாள். சொல்லிவிட்டு, அவன் வாய் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

போன வாரம் காலையில் அவள் வழக்கம்போலக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டது, ஹாரன் கேட்டது. அவசரத்தில் அவனைத் தூக்கவில்லை. வாசலில் நின்று “வரேன்” என்றாள். உள்ளேயிருந்து தொம் தொம்மென்று சத்தம். அவளுடைய பழைய ஷூவுக்குள் இரண்டு காலையும் இடம் வலம் மாற்றி விட்டுக்கொண்டு அவன் இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

“அம்மா. நானு அயேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “நீ சொல்லிக் குடுத்தியா?”

“இல்ல அண்ணி.”

அண்ணனைப் பார்த்தாள். அவன் கம்பியைக் கையில் பிடித்தபடி இல்லையென்று தலையசைத்தான். கீழே கடைக்காரரைக்கூட ஒரு பார்வை பார்த்தாள். சந்தேகப்பட இனி ஆள் இல்லை. பிள்ளை வாசலைத் தாண்ட முடியாமல் ஷூவோடு நின்றுகொண்டு, புரியாதவளுக்குச் சொல்வதுபோல மறுபடி நிறுத்திச் சொன்னான்.

“அம்மா. நானு. அயேன்.”

பேருந்து கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் உயரத்துக்குக் குனிந்தாள். வழக்கமாக அப்படிக் குனிந்தால் அவள் வாயிலிருந்து கேள்விதான் வரும்.

“வா” என்றாள்.