மண்டிக் கணினியில் மணி பத்தேகால்

இன்று சின்னமனூர் திராட்சை மண்டியில் புது பில்லிங் மென்பொருள் தொடக்கம்; நிறுவப் போனது நான்.

சர்வரோடு பேசத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழைப் பத்து ஐம்பதுக்கு என் லேப்டாப்பில் உருவாக்கி, மண்டிக் கணினியில் போட்டேன்.

"சான்றிதழ் செல்லாது" என்றது.

தகவலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் லைப்ரரியை இரண்டு முறை அழித்து ஏற்றினேன். அதே பதில். வெளியே கேரளா போகும் லாரி பில்லுக்காக நின்றது.

பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். என் போனில் பதினொன்றரை, அதில் பத்தேகால். அதன் கணக்கில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

"நாந்தேன் தம்பி திருப்பி வச்சேன்," என்றார் முதலாளி. "வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். மொத பில்லுல அந்த நேரம் விழுகலாமா?"

மணியைச் சரிசெய்தேன். பன்னிரண்டு தாண்டிய பிறகே பில் போட விட்டார்.

சான்றிதழ் பிறந்ததே ராகு காலத்தில்தான் என்பதை நான் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?