முதலில் குறை, அப்புறம் தேநீர்

வண்டி சாரிபுலாக் ஊர் எல்லையைத் தாண்டி முதல் வளைவில் திரும்புகிறது. அனார்கான் அக்கா மடியிலிருக்கும் துணியை அவிழ்த்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பிக்கிறார். முதல் துண்டு ஓட்டுநர் குபாத்துக்கு. அடுத்தது முன்சீட்டில் தூங்குவதுபோல நடிப்பவருக்கு. பிறகு எனக்கு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த வண்டியில் யாருக்கும் கிடையாது. எல்லார் வாயும் மெல்லத் தொடங்கியதும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாள்கட்டை எடுத்து, உரக்க வாசிக்கிறார்.

"பொது நிர்வாகத்தில் மக்கள் பங்கேற்பு. இரண்டாம் அத்தியாயம்."

வெள்ளிக்கிழமை என்றால் இப்படித்தான். அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் தலைவருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. வெள்ளியும் சனியும் நாரின் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொதுக்கொள்கையும் நிர்வாகமும் முதுகலை படிக்கிறார். நான் அதே நாட்களில் அங்கே வானொலி வேலைக்குப் போகிறவன். கூடப் போயே எனக்குப் பாதிப் பட்டம் வந்துவிட்டது. குபாத்துக்கு முழுசும் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, போன வாரம் அந்த வரவு செலவுத் திட்டத்தப் பாதியில நிறுத்திட்டீங்க. அப்புறம் என்னாச்சுன்னு ராத்திரி தூக்கமே வரல," என்பான் அவன்.

"வாயில ரொட்டி இருக்கில்ல? மென்னு முழுங்கு. நக்கல் அப்புறம்."

குட்டையான, உருண்டையான உடம்பு. சிவப்புத் தலைத்துணி. சிரித்தால் தங்கப் பல் ஒன்று முன்னால் வந்து வணக்கம் சொல்லும். புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்குக் கீழே புருவம் தீட்டும் பென்சிலால்தான் கோடு போடுவார். பேனாவைக் கண்டால் அலுவலக ஞாபகம் வந்து தூக்கம் சொக்குகிறதாம். படித்ததெல்லாம் உடனுக்குடன் வீட்டுக்குள் நுழைந்துவிடும். "கன்னுக்குட்டியக் கட்டுற விஷயத்துல உங்க அண்ணங்கிட்ட கொள்கை இருக்கு, அமலாக்கம்தான் இல்ல," என்று கணவர் ஜெனிஷைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். குதிரை வளர்க்கும் அந்த மனிதர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்காத ஆள் இல்லை. ஊராட்சித் தலைவரிடம் எதைக் கேட்டாலும், "படிச்சவங்களக் கேட்டுச் சொல்றேன்," என்பார். பாலம் உடைந்தாலும் அதுதான் பதில், பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் அதுதான். "அந்தப் படிச்சவங்க யாருன்னு நானும் வருஷக்கணக்கா வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. சரி, நாமளே போயி படிச்சவங்களாயிட்டு வருவோம்னு கெளம்பிட்டேன்," என்பார் அக்கா. தலைவர் விடுப்புக் கொடுத்தார், இந்தக் கோடை வரைக்கும்தான் என்று சொல்லி. அதற்குள் ஆய்வேட்டை முடித்துத் தேர்வுக் குழுவின் முன்னால் நின்று ஜெயிக்க வேண்டும். தவறினால் படிப்பு அத்தோடு போயிற்று.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு இது: எங்கள் ஊர் மக்கள் ஏன் அலுவலகத்துக்குக் குறை சொல்ல வருவதில்லை? அலுவலக வாசலில் புகார்ப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதைத் திறந்தால் சூரியகாந்தி விதைத் தோல் கொட்டும், ஒரு முறை குழந்தையின் காலுறை ஒன்று கிடைத்தது. "குறையே இல்லாத ஊர்" என்று தலைவர் மாவட்டக் கூட்டங்களில் மார்தட்டிக்கொள்வார். கீழத்தெருக் குழாயிலோ பாதி நாள் காற்றுதான் வரும்.

மக்களிடம் நேரில் கேட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்தார். எப்படிக் கேட்டார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தெருத் தெருவாக ஆட்களை வீட்டுக்கு அழைத்து, விரிப்பை விரித்து, சுடச்சுட ரொட்டியும் பாலேடும் வைத்து, கிண்ணம் காலியாகக் காலியாகத் தேநீர் ஊற்றி, பிறகு கேட்டார். நானும் போயிருந்தேன். பாலேடு அபாரம். என்னிடம் கேட்டபோது, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

அக்காவின் ஆய்வு வழிகாட்டி மிர்லானுக்கு முப்பது வயது ஆகவில்லை. அக்காவின் கடைசித் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன். வகுப்பறைக்குள் அவனை "ஐயா" என்பார், வாசலைத் தாண்டியதும் "டேய் தம்பி, சாப்பிட்டியா?" என்பார். அக்கா வாங்கிவந்த பதில்களை அவன் படித்து முடித்த வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நாங்கள் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, ஒருத்தர்கூட குறைன்னு சொல்லலையே?"

"எங்க ஊரு நல்ல ஊரு தம்பி."

"கீழத்தெருவுல தண்ணி வருதா?"

"எங்க வருது? காத்துதான் வருது."

"கீழத்தெருக்காரங்க என்ன சொன்னாங்க?"

"ரொம்பத் திருப்தின்னாங்க."

மிர்லான் தலையைச் சொறிந்தான். "எங்க வச்சு கேட்டீங்க அக்கா?"

அக்கா கையிலிருந்த ரொட்டித் துணியைக் குனிந்து பார்த்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். எங்கள் ஊரிலோ, வாசலில் நின்று ஒரு சேதி சொல்ல வந்தவன்கூட ரொட்டியை ஒரு விள்ளல் வாயில் போடாமல் திரும்பக் கூடாது. போட்டுவிட்டால், அந்த வீட்டில் நின்று ஒரு நொட்டைச் சொல் சொல்லக் கூடாது. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. அக்காவுக்கும் தெரியும். தெரிந்தது அப்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"இத அப்படியே குழுவுல ஒப்புக்க மாட்டாங்க அக்கா. மறுபடி கேட்டாகணும்," என்றான் மிர்லான். ஜூன் பிறந்தால் பாதி ஊர் ஆடுமாடுகளோடு மலை மேய்ச்சலுக்கு ஏறிவிடும். அப்புறம் யாரிடம் கேட்பது?

திரும்பும் வழியில் அக்கா துணியை அவிழ்க்கவே இல்லை. அப்படி ஒரு பயணத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. வயிறும் காய்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். குபாத் பாட்டை நிறுத்தினான்.

"என்னக்கா ஆச்சு? ரொட்டி எங்க?"

"ரொட்டியக் குடுத்தே ஊர் வாய அடைச்சிருக்கேன்டா. படிச்சு என்ன புண்ணியம்?"

குபாத் ஒரு வளைவைச் சுற்றி முடித்துவிட்டுச் சொன்னான். "குறை கேக்கணும்னா குளியல் வீட்டுக்குப் போங்கக்கா. துணி இல்லாத எடத்துல மரியாதையும் கெடையாது. ரொட்டியும் கெடையாது."

அக்கா அவன் பின்தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். பிறகு துணியை அவிழ்த்து, முழு ரொட்டியையும் அவன் மடியில் போட்டார்.

சாரிபுலாக்கின் பொதுக் குளியல் வீட்டில் சனிக்கிழமை பெண்களுக்கு. அந்தச் சனிக்கிழமை அக்கா நாரினிலிருந்து நேரே அங்கே போனார். நடந்ததை அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியில் நடித்தே காட்டினார். ஒரே நீராவி. அடுத்த பலகையில் கீழத்தெரு பாக்டிகுல், தலை முழுக்க சோப்பு நுரை, கண் இறுக மூடியிருக்கிறது. அக்கா குரலை மாற்றிக்கொண்டு, "ஆமா, உங்க தெருவுல தண்ணி வரலயாமே, ஆபீஸ்ல சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க சொல்றது? அங்க அனார்கான்னு ஒருத்தி இருக்காளே. நல்லவதான், இல்லேங்கல. போனதும், 'வா வா உக்காரு'ன்னு டீய நீட்டுவா. 'ரொட்டிய எடு'ம்பா. அதத் தின்னுட்டு எந்த வாயால தண்ணி வரலன்னு சொல்றது? புள்ளைங்க படிப்பப் பத்தி ரெண்டு வார்த்த பேசிட்டு எந்திரிச்சு வந்துருவேன். அவ டீ குடிச்சு குடிச்சே எங்க தெரு காஞ்சு போச்சு!"

அக்கா வெந்நீரை மொண்டு, பாக்டிகுல் தலையில் ஊற்றினார். நுரை வழிந்து கண் திறந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஐயோ!" என்று பாக்டிகுல் முகத்தைப் பொத்திக்கொள்ள, அக்கா சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்தே வழுக்கிக் கீழே விழுந்தார். இதை அவர் சொல்லச் சொல்ல, குபாத் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆண்களுக்கான நாளில் ஜெனிஷ் அண்ணனை அனுப்பிப் பார்த்தாராம். அவர் கொண்டுவந்த ஒரே குறை, குளியல் வீட்டில் தண்ணீர் சூடு போதவில்லை என்பது.

"அப்போ இத்தன வருஷமா பெட்டிய அடைச்சு வச்சிருந்தது நான்தானா?" என்று அக்கா தன்னையே கேட்டுக்கொண்டார். சிரிப்பு அடங்கிப்போயிருந்தது.

திங்கட்கிழமையே அலுவலகத்தில் சட்டம் மாறியது. முதலில் குறை, அப்புறம் தேநீர். வந்தவர்கள் முறைத்தார்கள். "அனார்கானுக்குப் படிப்பு ஏறினதும் கை சுருங்கிப் போச்சு," என்று கடைவீதியில் பேசினார்கள். ஒரு பெரியவர் தேநீர் வராத கோபத்தில் நாற்காலியைத் தட்டி, தெருவிளக்கு எரியாததில் ஆரம்பித்து மந்தைவழி வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். கொட்டி முடித்ததும் அக்கா அவருக்கு ரெண்டு கிண்ணம் ஊற்றினார்.

ஜூன் மாதத்துத் தேர்வு நாளில் நாங்கள் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான், குபாத், புதுத் தொப்பி போட்ட ஜெனிஷ் அண்ணன். குழுவின் தலைவர் பேராசிரியர் தொக்தோசுன், நொட்டை சொல்லுவதில் மன்னன் என்று பேர் பெற்றவர். அக்காவுக்கு முன்னால் போன இளைஞன் குழுவின் மேசையில் இறைச்சிப் பண்டமும் பழமும் பரப்பிவைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தான். அவனைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் காலியாக இல்லை.

அக்கா விடியலில் எழுந்து போர்சோக் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். தலையணை மாதிரி உப்பிய மாவுத் துண்டுகள், நெய் மணக்க, துணி மூட்டையில். "முதல்லயே நீட்டிருங்கக்கா, காரியம் முடிஞ்சிரும்," என்று குபாத் கெஞ்சினான். மிர்லானும் கண்ணால் ஜாடை காட்டினான். அக்கா மூட்டையின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கி, நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

தொக்தோசுன் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ உங்க ஊர்ல குறை வராம இருந்ததுக்கு நீங்கதான் காரணம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சரியாம்மா?"

"ஆமாங்க ஐயா. நானும் என் டீயும்."

"இப்போ?"

"இப்போ பெட்டி கொள்ள மாட்டேங்குதுங்க. கீழத்தெருக் குழாய மாத்தியாச்சு. என்னத் திட்டாத ஆள் ஊர்ல பாக்கி இல்ல. சந்தோஷமா இருக்கு."

அரங்கம் சிரித்தது. தொக்தோசுன் சிரிக்கவில்லை. மூக்கை மட்டும் லேசாகத் தூக்கினார். "நாற்காலிக்குக் கீழ என்ன?"

"போர்சோக்குங்க."

"எங்களுக்கா?"

"உங்களுக்குத்தான் ஐயா. ஆனா முடிவு சொன்ன பிறகு. இப்பத் தின்னுட்டா நீங்க குறை சொல்ல முடியாதே."

மிர்லான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். குழு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்தில் அக்கா மூட்டையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. ஜெனிஷ் அண்ணன் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "தோத்தா என்னம்மா, கன்னுக்குட்டியப் பாத்துக்கலாம்," என்றார். "வாய மூடுங்க," என்றார் அக்கா, ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் தொக்தோசுன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்று வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

அக்கா முடிச்சைப் பிடித்து இழுத்தார். அவிழவில்லை. குபாத் குனிந்து உதவ வந்தான், அவனைத் தள்ளிவிட்டார். மூட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, தங்கப் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார்.