ஏகாம்பரத்துக்கு ஒரு பக்கம், தேவகிக்கு ஒரு வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் யாருக்குத் தனிப் பக்கம் உண்டு, யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்வது சம்பளம் இல்லாத வேலை. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும். உள்ளூர் அரசியல்வாதிகளின் பக்கங்களோடு மல்லுக்கட்டும் சக தொண்டர்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பல வருடம் கவனித்துவிட்டு, ஓய்வுபெற்றுப் படப்பையில் குடியேறியவள் நான். பொறுமை தொழிலோடு வந்தது. அதைக் கரைத்தது ஒரே ஒரு பக்கம்.

பிறந்தநாள் விளம்பரம்

"ஏகாம்பரம், ஊராட்சித் தலைவர், ஏழைகளின் விடிவெள்ளி" என்று ஒரு பக்கம் முளைத்தது. ஒரகடத்தை ஒட்டிய ஊர். ஊராட்சித் தலைவர் என்பதற்காக மட்டும் எங்கள் விதிப்படி தனிப் பக்கம் கிடையாது. அவரைப் பற்றிப் பிறர் விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதில் ஆதாரம் என்று கொடுத்திருந்தது அவருடைய பிறந்தநாளுக்கு நாளிதழில் வந்த வாழ்த்து விளம்பரம்.

எழுதியவர் இசக்கி. திருநெல்வேலிக்காரர், கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, குடியிருப்பது ஏகாம்பரத்தின் மாடி அறையில். நூலகத்தில் நான் நடத்திய பயிற்சிக்கு வந்து என் எண்ணை வாங்கிப் போனவர். அவரைக் கூப்பிட்டு, விளம்பரம் ஆதாரம் ஆகாது, அது அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது என்று விளக்கினேன். "பேப்பர்ல வந்திருக்கணும்னு நீங்கதான மேடம் சொன்னிய? வந்துட்டுல்லா, பொறவு என்ன?"

சார் இல்லையா

மறுநாள் ஏகாம்பரமே கூப்பிட்டார். மாவட்டக் கவுன்சிலர் சீட் கேட்கிறாராம். மேலிடத்தில் போனில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்களாம், பக்கம் வராவிட்டால் மதிப்பதில்லையாம். நான் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னேன். அவரும் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும் அவர் கேட்டது இதைத்தான்: "அதெல்லாம் இருக்கட்டும்மா, வூட்ல சார் இல்லியா? போனை அவர்கிட்ட குடு, நாங்க பேசி முடிச்சிக்கிறோம்."

தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தவர்

அந்த வாரமே பக்கத்தில் புதிய பத்தி சேர்ந்தது. ஒரகடத்துக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தவர் ஏகாம்பரம். தொழிற்பேட்டை வந்தபோது அவர் என்ன பதவியில் இருந்தார், எந்தத் தொழிற்சாலை, எங்கே பதிவாகியிருக்கிறது என்று இசக்கியிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளதைச் சொன்னார். "கம்பெனி பஸ்ஸு முன்னெல்லாம் மெயின் ரோட்டோட போயிரும் மேடம். அண்ணன் பேசித்தான் ஊருக்குள்ள வந்து திரும்புது. பஸ்ஸு வந்தா கம்பெனி வந்த மாரிதான?"

ஒரே குடும்பம்

தேர்தல் முடிவு பற்றிய பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். அந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் தேவகி. இசக்கி எழுதிய பக்கத்தில் குடும்பம் என்ற தலைப்பின் கீழ், "மனைவி தேவகி, இல்லத்தரசி" என்று இருந்தது. சிறுவர் பக்கத்துக்கு அப்பாக்கள் படம் வரைந்து பிள்ளை பெயரில் அனுப்புவார்கள். வரைந்த கோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். பிள்ளையின் பரிசைப் பிடுங்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்ட அப்பாவை நான் பார்த்ததில்லை.

ஏகாம்பரத்தின் பக்கத்தை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். அதே விதிப்படி தேவகிக்கும் தனிப் பக்கம் இல்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றிய பக்கத்தில், "ஊராட்சித் தலைவர்: தேவகி" என்று ஒரு வரி இருக்கலாம். செய்தியை ஆதாரமாகக் காட்டிச் சேர்த்தேன். காலையில் பார்த்தால் ஏகாம்பரம். மாற்றினேன். மாலையில் மறுபடி ஏகாம்பரம். கடைசியில், பக்கங்களைப் பூட்டும் அதிகாரம் உள்ள எங்கள் நிர்வாகியிடம் முறையிட்டேன். படித்தவர், பொறுப்பானவர். அவர் எழுதிய பதில்: "ஒரு வரிக்கு எதற்கு இத்தனை சண்டை? இரண்டு பேரையும் போட்டுவிடுங்கள், ஒரே குடும்பம்தானே."

கரெக்டா இருக்கும் இடம்

பிறகு தேவகி கூப்பிட்டார். என் எண்ணை இசக்கிதான் கொடுத்திருக்கிறார். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலிருந்து பேசினார்; பின்னால் மண்வெட்டிச் சத்தம். வீட்டில் தகராறு, வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன். அவர் சொன்னது வேறு. தெருவிளக்கு வாங்கியதில் புகார் வந்து, விசாரணை நோட்டீஸ் வந்திருக்கிறதாம். பேரம் பேசி வாங்கியது வீட்டுக்காரர் ஏகாம்பரம். கையெழுத்து இவருடையது. இனிமேல் படித்துப் பார்க்காமல் போடுவதில்லை என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் சொன்னதை அப்படியே நிர்வாகிக்கு அனுப்பினேன். ஊர்ப் பக்கத்தைத் தேவகியின் பெயரோடு ஒரு மாதத்துக்குப் பூட்டினார். நான் அனுப்பியது இதுதான்: "தலைவர்னு மாலை போட்ற எடத்துல அவரு பேரு மேடம். விசாரணைக்கு வான்னு கூப்புட்ற எடத்துல மட்டும் என் பேரு கரெக்டா கீது. அந்த ஒத்த வரிய வுட்டுடாதீங்க."

ஒருவருக்குத் தனிப் பக்கம் தரலாமா என்று முடிவு செய்ய எங்களிடம் நீளமான விதிகள் இருக்கின்றன; ஜெயித்தவரின் பெயரை ஒரு வரியில் நிலைக்கவைக்கத்தான் விதி எதுவும் இல்லை, அதனால் பூட்டு திறக்கும் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.